கத்தாரில் மழை

தேங்காய்ப்பட்டணம்
8 ஜூன் 2025, ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பா,

இந்தக் கடிதம் உங்கள் கையில்தான் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. வேறு யாராவது பிரித்திருந்தால் தயவுசெய்து ஜஸ்டஸ் என்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு ஃபோன் செய்துவிடாதீர்கள்.

அம்மாவும் ஷைஜாக்காவும் தூங்கிவிட்டார்கள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது கதவைத் தட்டினால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்வேன்.

நீங்கள் கத்தாரில் இல்லை என்று போன வாரம்தான் தெரிந்தது. அம்மா மீன் வாங்க வெளியே நின்றபோது அவளுடைய ஃபோன் அடித்தது. எடுத்தேன். "ஜஸ்டஸோட வீடா? நான் சிதறால் மனநல இல்லத்துல இருந்து அஸ்வதி. அவரு இப்ப நல்லா இருக்காரு. நீங்க ஒரு தடவையாவது வரணும் இல்லியா?" என்று ஒருவர் கேட்டார். அம்மா மாதிரி குரலைக் கனமாக்கி "சரி" என்றேன். முகவரி எழுதி வைத்திருந்தது தொலைந்துவிட்டது என்று சொல்லி மறுபடியும் கேட்டு வாங்கினேன். அம்மா உள்ளே வருவதற்குள் அந்த அழைப்பை அழித்துவிட்டேன்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது மாமா வந்து உங்களைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போய் விமானம் ஏற்றிவிட்டார் என்றுதான் அம்மா சொன்னாள். நீங்கள் முன்பு வேலை பார்த்த ஒர்க்ஷாப்பிலேயே திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். நான் பாதி நம்பினேன். ஊர் முழுதாக நம்பிவிட்டது. நம் ஊரில் ஒரு ஆள் கண்ணில் படவில்லை என்றால் அவர் கல்ஃபில்தானே இருப்பார்? மீன் கொண்டுவருகிற ரீத்தா மாமி தினமும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்கிறாள்: "ஏட்டி அபினா, உனக்க அப்பன் எப்ப லீவுல வாறான்? வரும்போ எனக்கு ஒரு கோடாலித் தைலம் கொண்டுவரச் சொல்லு. இங்க விக்கியது பூரா டூப்பு." அம்மா சிரித்துக்கொண்டே "சொல்லுவேன் மாமி" என்கிறாள். அவள் சிரிப்பதைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் மாதா கோவில் மணியை அடித்த இரவில் நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். கடலில் வள்ளம் கவிழ்ந்துவிட்டதென்று ஊரே கரைக்கு ஓடியது. கடல் சும்மா கிடந்தது. எல்லோரும் திரும்பி உங்களைப் பார்த்தபோது அம்மா "குடிச்சிருக்காரு, குடிச்சிருக்காரு" என்று உங்களை இழுத்துக்கொண்டு போனாள். உங்கள் வாயில் பற்பசை வாசம்தான் அடித்தது.

அங்கே சங்கிலி போடுவார்களா? அடிப்பார்களா? இப்போதும் அந்தச் சத்தங்கள் கேட்கிறதா?

பதிலைக் கீழே உள்ள கருங்கல் ஊர் முகவரிக்கு அனுப்புங்கள். என்னுடன் படிக்கிற நந்தனாவின் வீடு. தமிழ் மிஸ் கடிதம் எழுதும் பயிற்சி கொடுத்திருக்கிறார் என்று அவள் தன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். உறையில் உங்கள் பெயர் வேண்டாம்.

அபினா


சிதறால்
17 ஜூன் 2025

மக்களே அபினா,

பிரித்தது நான்தான். பயப்படாதே.

எழுத்து கோணலாக இருப்பதற்கு மாத்திரைதான் காரணம். கை நடுங்குகிறது. இன்றைக்கு ஒரு நட்டைக் கொடுத்துப் போல்ட்டில் மாட்டச் சொன்னால் என்னால் முடியாது. போகப்போகச் சரியாகும் என்கிறார்கள்.

சங்கிலி இல்லை. அடி இல்லை. சோறு உண்டு, மீன்குழம்பும் உண்டு. ஆனால் ஐஸில் கிடந்த மீன். கடற்கரைக்காரனுக்கு அந்தத் தண்டனை போதும். என் கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னல் நிறைய மலை. சமணச் சாமிகள் மேலே பாறையில் உட்கார்ந்திருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் சத்தம்போட்டுக்கொண்டு ஏறிப்போவார்கள். இதுதான் உன் அப்பன் இருக்கிற கத்தார். பஸ்ஸில் வந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகுமா?

சத்தம் கேட்கத்தான் செய்கிறது. முன்பு ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் தலையை வைத்த மாதிரி இருந்தது. இப்போது வள்ளம் தூரத்தில் போகிறது, நான் கரையில் நிற்கிறேன். அவ்வளவுதான். அன்றைக்கு அந்தச் சத்தம் வள்ளமெல்லாம் முங்குகிறது என்று சொன்னது. நம் ஆட்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னது. மணி அடிக்காமல் நான் எப்படி இருப்பேன், நீ சொல்.

அம்மாவைக் கோபிக்காதே. குடிகாரன் என்றால் ஊர் மறுநாள் மறந்துவிடும். குடிக்காத வீடு நம் தெருவில் எது? மற்றதைச் சொன்னால் ஷைஜாவைக் கேட்டு யார் படியேறுவார்கள்? அவள் கணக்கு அவளுக்கு. ஆனாலும் ஒரு சொட்டுத் தொடாதவனுக்கு அது கொஞ்சம் வலிக்கிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இந்தத் தாளை மூன்று தடவை மடித்துவிட்டேன். நான் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வீட்டிலிருந்து பதினெட்டு வயது நிறைந்த ஒருவர் மார்த்தாண்டத்தில் நடக்கிற குடும்பக் கூட்டத்துக்கு வர வேண்டும். எங்களைப் போன்றவர்களின் வீட்டுக்காரர்கள் கூடுகிற கூட்டம் அது, மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை. எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரிந்துகொண்டு, கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போக வேண்டும். அம்மா ஃபோனை எடுப்பதில்லை. ஷைஜாவிடம் பேச வேண்டாம் என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள்.

இங்கே சிகிச்சை முடியும்வரைதான் இடம். ஓணம் கழிந்தும் யாரும் வரவில்லை என்றால், ஆளில்லாதவர்களுக்கான வேறொரு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். திருநெல்வேலிக்கும் அப்பால். அங்கே போய்த் திரும்பி வந்தவர் யாரையும் இங்குள்ளவர்களுக்குத் தெரியாது.

நீ சின்னப் பிள்ளை. இதைப் படித்ததும் கிழித்துப் போடு. நன்றாகப் படி.

அப்பா


தேங்காய்ப்பட்டணம்
6 ஜூலை 2025, இரவு

அன்புள்ள அப்பா,

நான் கிழிக்கவில்லை.

அம்மா நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தபோது மெதுவாகத் தொடங்கினேன்.

"அப்பா எப்பம்மா வருவாரு?"

"லீவு கிடைக்கும்போ வருவாரு."

"லீவு யாரு கொடுக்கணும்?"

அம்மாவின் கை நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "மிண்டாம இரி," என்று வாயை அடைத்தாள். பிறகு வெகுநேரம் ஒரே மீனையே கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டதோ என்று அன்றிலிருந்து பயம்.

ஷைஜாக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். மணவாளக்குறிச்சி, மணல் கம்பெனியில் வேலை. நல்லவர் மாதிரிதான் தெரிகிறார், அக்காவிடம் வெட்கப்பட்டுக்கொண்டு பேசுகிறார். ஆகஸ்டு கடைசியில் கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்குவார்கள். மூன்று ஞாயிறும் பங்குச் சாமியார் இரண்டு பேர் பெயரையும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று கேட்பாரே, அதை நினைத்துத்தான் அம்மா நடுங்குகிறாள். உங்களைப் பற்றி யாராவது எழுந்து சொல்லிவிடுவார்களாம். மூன்று ஓலையும் முடியட்டும், கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று மாமாவிடம் ஃபோனில் சொல்வதைக் கேட்டேன். அதற்குள் ஓணம் கழிந்துவிடும் அப்பா.

எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் மனநல உதவிக்கு 14416 என்று ஒட்டியிருக்கிறது. நந்தனாவின் ஃபோனில் பேசினேன். "எனக்க கூட்டுக்காரியோட அப்பாவுக்கு" என்று தொடங்கினேன். பேசப்பேச எப்போது "எங்கப்பா" என்று மாறியது என்று தெரியவில்லை. எதிர்முனையில் பேசிய அக்கா கவனித்திருப்பார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநல டாக்டரைப் பார்க்கலாம், மாத்திரைக்குப் பணம் வேண்டாம், நிறையப் பேர் வீட்டில் இருந்துகொண்டே சரியாகிறார்கள் என்றார். வீட்டில் இருந்துகொண்டே என்று நான் திருப்பிச் சொன்னேன். ஆமா என்றார்.

எனக்கு இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது, கேட்கவில்லை. இப்போதெல்லாம் கோவில் மணி அடித்தால், அது நிஜமாகவே அடிக்கிறதா, எனக்கு மட்டும் கேட்கிறதா என்று ஷைஜாக்காவின் முகத்தைப் பார்க்கிறேன்.

வருகிற சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருக்கிறேன். கூட்டத்துக்குப் போகப்போகிறேன்.

அபினா


தேங்காய்ப்பட்டணம்
13 ஜூலை 2025, இரவு

அன்புள்ள அப்பா,

போய்விட்டு வந்தேன். எழுதுவதற்குக் கை பரபரக்கிறது. அதைவிடப் பயமும் இருக்கிறது.

ஒரு தேன் கடைக்கு மேலே மாடி. படியெல்லாம் எறும்பு. உள்ளே பழைய டுட்டோரியல் பெஞ்சுகள். எல்லோரும் கதவு பக்கத்துப் பெஞ்சிலேயே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், எப்போது வேண்டுமானாலும் ஓடிவிடுகிற மாதிரி. நடத்துகிறவர் பெயர் ரசலையன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவிக்குப் பல வருடங்களாக உடம்பு சரியில்லை, அதாவது மனசு. "முன்னால இடம் கிடக்கு, உள்ள ஏறிப் போங்க, படியில நிக்காதீங்க" என்று அவர் சத்தம்போட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்படியே உள்ளே போனேன். முன் பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு மாமி. திரும்பினாள்.

ரீத்தா மாமி.

அவள் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள்தான் முதலில் பேசினாள்.

"நீ என்னத்துக்குட்டி இங்க வந்த?"

"நீங்க?"

"நான் தேன் வாங்க வந்தேன்."

"தேன் கடை கீழ இருக்கு மாமி."

அவள் எழுந்து என் பக்கம் வந்தாள். "உனக்க அப்பன் கத்தார்ல இல்லியா?" என்று காதோடு கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "உங்க மவன் ஷிஜின் அண்ணன் துபாய்லதான இருக்கு?" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

"துபாய் எனக்க வீட்டுப் பின்னறைதான் மக்கா," என்றாள். "பூட்டி வச்சிருக்கேன். ராத்திரிதான் வெளிய விடுவேன்."

அவள் வீட்டுப் பின்பக்கம் எப்போதும் ரேடியோ பாடும், ஞாபகம் இருக்கிறதா அப்பா? அது மாமி கேட்கிற ரேடியோ இல்லை. ஷிஜின் அண்ணன் சத்தம் வெளியே கேட்காமல் இருப்பதற்காக வைத்தது. நம் வீட்டிலிருந்து கல் எறிந்தால் விழுகிற தூரம்.

கூட்டத்தில் ஒவ்வொருவரும் பேசினார்கள். தீர்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாத்திரையைச் சோற்றில் ஒளித்துக் கொடுப்பது சரியா, கோபம் வந்தால் எந்த அறைக்குப் போவது, ஊர்க்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது, இப்படி. நானும் எழுந்து நின்று கேட்டேன். "எனக்கும் வருமா?" ரசலையன் மாமா தலையைச் சொறிந்தார். "தெரியாது மக்கா. எனக்க மகளுக்காக நான் டாக்டருகிட்ட கேட்டேன். அவரும் தெரியாதுன்னுதான் சொன்னாரு. வந்தா பாத்துக்கலாம்னு சொன்னாரு." யாராவது வராது என்று சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் தெரியாது என்று கேட்டபிறகுதான் நேற்று நன்றாகத் தூங்கினேன்.

அஸ்வதி மேடமும் வந்திருந்தார். ஃபோனில் அம்மாவாகப் பேசியது நான்தான் என்று என் குரலைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டார். திட்டவில்லை. ஆனால் என் கையெழுத்து செல்லாது என்று சொல்லிவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன்.

அம்மாவிடம் பேசச் சொல்லி ரீத்தா மாமியிடமும் கெஞ்சினேன். பஸ் நிறுத்தத்தில் என் கையை உதறினாள். "உனக்க அம்மைட்ட நான் என்ன சொல்லுவேன்? உன்னை எங்க பாத்தேன்னு கேப்பா இல்லியா? நீ என்னைப் பாக்கல. நான் உன்னைப் பாக்கல. கேட்டியா?" பின் வாசல் வழியாக அவளும் முன் வாசல் வழியாக நானும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். ஊர் வரும்வரை பேசிக்கொள்ளவில்லை.

இன்று காலை மீன் கொண்டுவந்தாள். கோடாலித் தைலம் கேட்கவில்லை.

அபினா


சிதறால்
26 ஜூலை 2025

மக்களே,

இந்த வாரம் சரியில்லை. மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். பகலும் இரவும் தூக்கம்.

ஷிஜின் பையனை எனக்குத் தெரியும். என் எஞ்சின் ஷெட்டில் வந்து உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துத் தருவான். கெட்டிக்காரன். துபாய் போனவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறேன். அவன் அறை ரேடியோவைக் கேட்டுக்கொண்டே நான் எஞ்சின் பிரித்திருக்கிறேன் அபினா. இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நீ இனி கூட்டத்துக்குப் போகாதே. யாராவது பார்த்துவிட்டால் ஷைஜா காரியம் கெட்டுவிடும்.

இல்லை, போ. நீ போவதாக இருந்தால் போ. உனக்குத் தூக்கம் வந்தது என்று எழுதியிருக்கிறாயே.

அப்பா


தேங்காய்ப்பட்டணம்
17 ஆகஸ்டு 2025, இரவு

அன்புள்ள அப்பா,

அம்மா உங்களைக் கூப்பிடப்போகிறாள். சந்தோஷப்படாதீர்கள்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஓலைக்கு முன்னால் பெண்ணின் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்கிறார்கள். லீவு கிடைக்கவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்படியானால் வீடியோவில் பேசலாமே என்று கேட்டுவிட்டார்கள். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. இன்றைக்கு மொட்டை மாடியில் நின்று அஸ்வதி மேடத்துக்கு ஃபோன் செய்தாள். இத்தனை மாதத்தில் அவளாகச் செய்த முதல் ஃபோன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நான் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். புதன்கிழமை சாயங்காலம், பின்னால் ஒன்றும் தெரியக்கூடாது, நல்ல சட்டை போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் சொன்னாள்.

நீங்கள் மாட்டேன் என்று சொல்லுங்கள் அப்பா. நீங்கள் கத்தாரிலிருந்து நன்றாகப் பேசிவிட்டால், அப்புறம் உங்களைச் சிதறாலிலிருந்து எப்படிக் கூட்டிவருவது? பொய் சரியாக நடந்துவிட்டால் அம்மாவுக்கு நீங்கள் இங்கே தேவையே இல்லாமல் போய்விடும். இதை எழுதியதற்கு என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

ஒரே ஒரு நல்ல செய்தி. ரீத்தா மாமி ஷிஜின் அண்ணனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தொடங்கியிருக்கிறாள். ஊர் எழும்புமுன் ரசலையன் மாமா ஆட்டோ கொண்டு வருகிறார். முதல் நாள் வாசலுக்கு வந்ததும் அண்ணன் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். இன்னும் விடியக்கூட இல்லையாம்.

அபினா


சிதறால்
24 ஆகஸ்டு 2025

மக்களே அபினா,

உன் கடிதம் வியாழக்கிழமைதான் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முன்னமே வந்திருந்தாலும் நான் பேசியிருப்பேன்.

நீ அந்தப் பக்கம் இருந்தாய். இந்தப் பக்கம் எப்படி என்று சொல்கிறேன். அலுவலக அறையில் மேசையைத் திருப்பிப் போட்டார்கள். மலை தெரியக்கூடாது என்று ஜன்னலில் ஒரு போர்வையைக் கட்டினார்கள். சட்டை சமையல்காரருடையது, தோளில் இறுக்கம். அஸ்வதி மேடத்துக்கு இதில் சம்மதமே இல்லை. பொய்க்குத் துணை நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் அவர்தான் என் காலரைச் சரிசெய்தார். கை நடுங்குவது தெரியாமல் இருக்கத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

சம்பந்தி நல்ல மனிதர். பேசத் தொடங்கியதுமே வானம் இடிந்த மாதிரி மழை. எங்கள் கூரை தகரம். அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை, நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை. "அதென்ன சத்தம்?" என்றார். கத்தாரில் ஏது மழை? "ஏசி," என்றேன். "பழைய ஏசி. மாத்தித் தர மாட்டேங்கியானுவ." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நமக்க ஆளுகள கொல்லதுக்குன்னே வச்சிருக்கானுவ" என்றார். நானும் சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு உன் அம்மா முகத்தைப் பார்த்தேன். திரையின் ஓரத்தில் பாதி முகம்தான் தெரிந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் பக்கமும் மழை பெய்துகொண்டுதானே இருந்திருக்கும்?

கடைசியில் அவர் தன் இளைய மகனுக்கு ஒரு விசா பார்க்கச் சொன்னார். பார்க்கிறேன் என்றேன்.

நீ எழுதியது சரி. பொய் நன்றாக நடந்துவிட்டது. கத்தார் ஜஸ்டஸ் மகளுக்கு அப்பன், சம்பந்திக்கு மரியாதை, ஓலைக்குத் தடை இல்லாதவன். சிதறால் ஜஸ்டஸ் வந்தால் அவன் எல்லாவற்றையும் கெடுத்துவிடுவான். அதனால் அந்த இன்னொரு இல்லத்துக்குப் போகச் சம்மதம் என்று நானே சொல்லிவிட்டேன். இந்த மாதம் போய் அடுத்த மாதக் கடைசியில் அனுப்புவார்கள். அம்மா ஊரில் இரண்டு வருட கான்ட்ராக்ட் என்று சொல்லிக்கொள்ளட்டும்.

கல்யாணத்தன்று நீ அழாதே. பிள்ளை ஏன் அழுகிறாள் என்று கேட்பார்கள்.

அப்பா


தேங்காய்ப்பட்டணம்
12 செப்டம்பர் 2025, இரவு

அன்புள்ள அப்பா,

மூன்று ஓலையும் வாசித்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் சாமியார் தடை ஏதும் உண்டா என்று கேட்டபோது அம்மா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. யாரும் எழவில்லை. புதன்கிழமை கல்யாணம் நடந்தது. அக்கா அழகாக இருந்தாள். நான் அழவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் ஒன்று நடந்தது. அம்மா பருப்பு வாளியோடு நின்றாள், நான் அப்பளம் வைத்துக்கொண்டு வந்தேன். ஜெபகனி சித்தி ரீத்தா மாமியைக் கேட்டாள். "உனக்க மவன் இந்தக் கல்யாணத்துக்கும் வரலியா? துபாய்ல அப்படி என்ன பெரிய சோலி?"

ரீத்தா மாமி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அவன் துபாய்க்குப் போகவே இல்ல. பின்னறையில கிடந்தான். மனசுக்குச் சுகமில்ல. இப்ப ஆஸ்பத்திரியில மாத்திரை எடுக்கியான்."

ஜெபகனி சித்தி தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள், அதை நான் பார்த்தேன். ரீத்தா மாமியும் பார்த்தாள். அதன்பிறகு இலையிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. எதிர் வரிசையில் சம்பந்தி மாமா இருந்தார். அவர் வாளியைப் பார்த்து, "பருப்பு இந்தப் பக்கம் வரல்லியே" என்றார். அம்மாவுக்கு அது காதில் விழவில்லை. கரண்டியிலிருந்து பருப்பு அவள் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான்தான் வாளியை வாங்கிப் பரிமாறினேன். யாரும் எழுந்து போகவில்லை அப்பா. பாயசம்வரை இருந்து சாப்பிட்டார்கள்.

அன்று ராத்திரி, பாத்திரம் கழுவும்போது அம்மா கேட்டாள்: "அந்தச் சட்டை யாருக்குள்ளது?"

எந்தச் சட்டை என்று கேட்டேன்.

"அன்னைக்கு ஃபோன்ல போட்டிருந்தாரே."

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். "சமையல்காரருக்குள்ளது" என்று வந்துவிட்டது. அம்மா எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள். "தோளில பிடிக்குது" என்றாள். அவ்வளவுதான்.

அம்மாவைப் பற்றி நான் ஆசைப்பட்டு எதையும் எழுதப்போவதில்லை. அவள் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுவதாகச் சொல்லவில்லை. நேற்றும் பக்கத்து வீட்டில் கத்தார் கான்ட்ராக்ட் என்றுதான் சொன்னாள். நீங்கள் அந்த இன்னொரு இல்லத்துக்குப் போகவேண்டித்தான் இருக்கும். அஸ்வதி மேடத்திடம் அதன் முகவரியை வாங்கிக்கொள்கிறேன். அங்கேயும் கடிதம் போகும்தானே? எனக்குப் பதினெட்டு ஆகிற அன்று நான் வருவேன். அன்றைக்கு என் கையெழுத்து செல்லும். நீங்கள் அன்றைக்கும் மாட்டேன், ஷைஜா, சம்பந்தி, ஊர் என்று ஏதாவது சொன்னால், ரீத்தா மாமியைக் கூட்டிவந்து பேச வைப்பேன்.

நாளை இரண்டாம் சனி. ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்து வைக்கப் போனேன். பை கனமாக இருந்தது. புத்தகங்களுக்கு அடியில் ஒரு கவர். உள்ளே உங்கள் நீலக்கோடு போட்ட சட்டை, துவைத்து, காலருக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு மடித்தது. அறுந்து கிடந்த இரண்டாவது பட்டன் புதிதாகத் தைத்திருக்கிறது.

அம்மா அங்கே திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். குளியலறை விளக்கு இன்றைக்கு நான் வருவதற்கு முன்பே எரிந்துகொண்டிருந்தது.

இந்தக் கடிதத்தையும் சட்டையையும் நாளை அஸ்வதி மேடத்திடம் கொடுத்துவிடுகிறேன். இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை. அவ்வளவு தூரம் கத்தாருக்கு அனுப்புகிற சட்டைக்கு யாரும் இஸ்திரி போடமாட்டார்கள் அப்பா.

அபினா